வெற்றிலை வைக்காத வீடு

அத்தியாயம் பதினொன்று

மீனம்மா வெற்றிலைத் தட்டோடு லயத்து வரிசை வீடுகளில் வாசல் வாசலாக ஏறி இறங்கியதைப் போன வாரம் பார்த்தோம். வீட்டில் கல்யாணமில்லை, காதுகுத்து இல்லை. மகள் சுதர்ஷினிக்குப் பரீட்சை.

"ஞாயித்துக்கெழம காலையில எம் மக கடைசிப் பரீட்ச எழுதுறா. வீட்ல இருந்துதான், போன்லதான். அன்னைக்கு மட்டும் யாரும் சத்தம் போடாம இருந்தீங்கன்னா புண்ணியமாப் போகும்" என்று வெற்றிலை பாக்கை வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தாள்.

எல்லோரும் சரியென்றார்கள். வெற்றிலையை வாங்கிவிட்டால் அது வாக்கு. லிந்துலைக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் அந்த வாக்கை மீறியவர்கள் கிடையாது.

பரீட்சைக்கு வெற்றிலையா என்று கொழும்பில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். சிரித்து முடித்தபின் ஒரு லயத்துக் காம்பராவுக்குள், அந்த ஒற்றை அறைக்குள், வந்து நின்று தலையை நிமிர்த்திப் பாருங்கள். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சுவர் இருக்கிறது. ஆனால் அது கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு முழம் போய் நின்றுவிடும். அதற்கு மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தகரத்துக்குக் கீழே வெறும் வெளிதான். கட்டிய வெள்ளைக்காரன் செங்கல்லை மிச்சம் பிடித்தான். அவனுக்குப் பிறகு வந்தவர்கள் அந்த மிச்சத்தைப் பத்திரமாகக் காப்பாற்றி வருகிறார்கள். நாலாவது வீட்டில் ஒருவர் தும்மினால் முதல் வீட்டிலிருந்து 'நூறாயுசு' என்று வாழ்த்துகிறார்கள்.

பல்கலைக்கழகத்தின் விதி வேறு. பரீட்சை எழுதுகிறவர் அறையில் தனியாக இருக்க வேண்டும். கேமராவும் மைக்கும் திறந்தே இருக்க வேண்டும். இன்னொரு குரல் கேட்டால் இன்னொரு ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். கூரை வரை போகிற சுவர்களுக்கு நடுவே உட்கார்ந்து யாரோ எழுதிய விதி அது.

சுதர்ஷினிக்கு இருபத்தொன்பது வயது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் உதவி ஆசிரியை. உதவி என்ற சொல் பெயருக்கு முன்னால் இருக்கும் வரை, முழு வகுப்பையும் மேய்த்தாலும் அரைச் சம்பளம்தான். பட்டம் கையில் வந்தால்தான் அந்தச் சொல் உதிரும். அதற்காகவே நாலு வருடமாக ஆன்லைனில் படிக்கிறாள். பகலில் பிள்ளைகளோடு கத்திவிட்டு வந்து, சாயங்காலம் போன் திரையில் விரிவுரை கேட்டுப் படித்த படிப்பு. இந்த ஒரு பாடம்தான் பாக்கி.

ஞாயிறு விடிந்தது. லயம் அப்படி அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் பாட்டைப் போட்டுவிட்டு ஆட்டோ கழுவும் முத்துலிங்கம், சாவியைத் திருகாமல் வண்டியைக் கீழ் ரோடு வரை தள்ளிக்கொண்டே போனான். பெண்கள் பிள்ளைகளைப் பிடித்து ஃபெக்டரிப் பக்கத்து மைதானத்துக்கு ஓட்டிவிட்டார்கள். குரைக்கிற நாயைக்கூட யாரோ ஒரு எலும்புத்துண்டோடு தூரத்தில் கட்டியிருந்தார்கள். மீனம்மா வாசல் திண்ணையான இஸ்தோப்பில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு காவல் உட்கார்ந்தாள்.

உள்ளே சுதர்ஷினி சீனி டின்னின் மேல் போனைச் சாய்த்து வைத்து, தன் முகமும் கையும் தாளும் தெரிகிற மாதிரி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். கல்வி உளவியல். முதல் கேள்வியே, பிள்ளையின் கற்றலில் வீட்டுச் சூழலின் செல்வாக்கை ஆராய்க என்று வந்திருந்தது. அவளுக்கு எழுத நிறைய இருந்தது. பேனா நிற்கவே இல்லை.

போனின் மூலையில் சிக்னல் கோடுகள் நிறைந்து நின்றன. அந்த லயத்தில் மலை மறைப்பதால் போனில் சிக்னல் சும்மா எடுக்காது. போன மாதம் அண்ணன் கணேசமூர்த்தி கூரை மேல் ஏறி, குழாய் நட்டு, ஆன்டனா கட்டி, வயரைத் தகரத்து ஓரமாக இறக்கி ரவுட்டரில் மாட்டிக் கொடுத்ததால் வந்த கோடுகள் அவை. அடுத்த காம்பராவில்தான் அவன் குடித்தனம். மனைவி பிரியந்தி, பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். தோட்டத்துத் தலைவரும் அவன்தான். தொழிற்சங்கத்துக்கும் தோட்டத்தை நடத்துகிற தொரைக்கும் நடுவே நின்று பேசுகிற பதவி.

இங்கேதான் கோளாறு. அந்தத் தோட்டத்தில் எந்தக் காரியத்துக்கும் முதல் வெற்றிலை தலைவர் வீட்டுக்குப் போக வேண்டும். மீனம்மா பத்து வீட்டுக்கும் வைத்தாள். தலைவர் வீட்டை விட்டுவிட்டாள்.

காலையில் கடைக்குப் போன கணேசமூர்த்தியிடம் முத்துலிங்கம் ரொம்ப மரியாதையாகக் கேட்டான்.

"தலைவரே, தங்கச்சி பரீட்சைக்குக் கெழவி எனக்குக்கூட வெத்தல வச்சிச்சு. ஒங்களுக்குத்தான் மொதல்ல வச்சிருக்கும், இல்ல?"

கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கணேசமூர்த்தி காலைச் சாப்பாட்டுக்கு வாங்க வந்த பாணை வாங்காமலே திரும்பினான்.

வீட்டுக்குள் வந்ததும் முதலில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசினான். அது நாலு வார்த்தைக்குத் தாங்கியது.

"பத்து வீட்டுக்கு வெத்தல. தலைவரு வீட்டுக்கு இல்ல. என்னா, செத்துட்டேன்னு நெனச்சாங்களா?"

"மெதுவாப் பேசுங்க" என்றாள் பிரியந்தி. "அங்கிட்டு புள்ள எழுதுது."

"எழுதட்டும்! எனக்கு யாரு சொன்னா பரீட்சன்னு? வெத்தல வச்சாங்களா?"

"ஒங்களுக்குத் தெரியாமயா? ஆன்டனா கட்டுனதே நீங்கதானே?"

"அதத்தான்டி கேக்குறேன்! மழையில தகரத்துல ஏறிக் கட்டுனவன் நான். வெத்தல முத்துலிங்கத்துக்கா? சுதா! ஏய் சுதா! கேக்குதா ஒனக்கு? பதில் சொல்லு!"

மற்ற பத்து வீடும் வாக்கைக் காப்பாற்றி வாயை மூடிக்கொண்டிருந்தன. அந்த அமைதியில் அவன் குரல் சுவருக்கு மேலே ஏறி, தகரத்தில் மோதி, நேராக சுதர்ஷினியின் போனுக்குள் இறங்கியது.

"நிறுத்துங்கள்" என்றது போன்.

மேற்பார்வை செய்த அம்மா கொழும்பிலிருந்து சிங்களத்தில் பேசினார். தமிழ் தெரியாதவர். கடுமையாகப் பேசவில்லை. அதுதான் சுதர்ஷினிக்கு இன்னும் பயமாக இருந்தது.

"உங்களோடு அறையில் யார்?"

"யாருமில்லை மேடம். அது பக்கத்து வீடு."

"ஒரு ஆண் உங்கள் பெயரைச் சொல்கிறார். திரும்பத் திரும்ப ஏதோ சொல்கிறார். அறையைக் காட்டுங்கள்."

சுதர்ஷினி போனை எடுத்து நாலு பக்கமும் திருப்பினாள். கட்டில், அலுமாரி, சாமி படம், மூடிய கதவு. யாருமில்லை. குரல் மட்டும் இருந்தது.

"வேறு வீட்டிலிருந்து இவ்வளவு தெளிவாக எப்படிக் கேட்கும்? சுவர் இல்லையா?"

"இருக்கிறது மேடம். மேலே போகாது."

"மேலே போகாது என்றால்?"

சுவர் எப்படி மேலே போகாமல் இருக்கும் என்று அந்த அம்மாவுக்கு விளங்கவில்லை. சுதர்ஷினிக்கு உடம்பெல்லாம் கோபம் ஏறியது. அண்ணன் மேல், சுவர் மேல், சுவரைப் பற்றிச் சொல்லிப் புரியவைக்க வேண்டிய தன் நிலைமை மேல். பெஞ்சை இழுத்துச் சுவரோரம் போட்டாள். ஏறினாள். போனை சுவருக்கு மேலே உயர்த்தி அந்தப் பக்கம் திருப்பினாள்.

கீழே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் பாதி ரொட்டியோடு கணேசமூர்த்தி நின்றான். அவன் தோளைப் பிடித்து இழுத்தபடி பிரியந்தி நின்றாள். இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"என்னாடி இது?"

"ஒங்களத்தான் காட்டுறேன்" என்றாள் சுதர்ஷினி. பிறகு சிங்களத்தில், "பாருங்கள் மேடம். இது என் அண்ணன். இது சுவர். இப்போது புரிகிறதா?"

பிறகு அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்.

"புரிகிறது. நீங்கள் எழுதும்போது கை எட்டும் தூரத்தில் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். உங்களிடம் பேசியிருக்கிறார்கள். நான் இதை அறிக்கையில் சொல்லத்தான் வேண்டும்."

திரை கறுத்தது.

உண்மையைக் காட்டப் போனவளுக்கு அந்த உண்மையே வினையாகிவிட்டது. சுதர்ஷினி பெஞ்சிலிருந்து இறங்கினாள். பாதியில் நின்ற வரியைப் பார்த்தாள். பேனாவைச் சுவரில் விட்டெறிந்தாள்.

மத்தியானத்துக்குள் செய்தி வந்தது. பரீட்சை நிறுத்தப்பட்டிருக்கிறது. குரலுக்கு உரியவர், தான் யார், என்ன பேசினார், ஏன் பேசினார் என்பதைத் தன் வாயால் சொல்லும் வீடியோ மாலைக்குள் வர வேண்டும். தமிழ் தெரிந்த அதிகாரி அதைப் பார்ப்பார். திருப்தி என்றால் மீண்டும் எழுதலாம். வராவிட்டால் பரீட்சையில் கள்ளம் செய்ததாக விசாரணை. அது நிரூபணமானால் நாலு வருடப் பெறுபேறும் ரத்து.

மீனம்மாவுக்கு அதைப் படித்துச் சொன்னாள். சொல்லி முடித்ததும் வெடித்தாள்.

"மொத வெத்தல தலைவருக்குன்னு ஒனக்குத் தெரியாதா? இந்தத் தோட்டத்துல பொறந்தவதானே நீ?"

"தெரியும்டி" என்றாள் மீனம்மா. அவளுக்கும் கோபம் குறைவில்லை. "தலைவருக்கு வக்கலாம். மகனுக்கு எப்படி வக்கிறது? வெத்தல வெளி ஆளுக்கு. நான் பெத்த புள்ளகிட்ட, ஐயா எம் மக பரீட்ச எழுதுறா, சத்தம் போடாதீங்கன்னு கும்புடு போடணுமா? அவன் இந்த வீட்டு ஆளு இல்லையா? அவனுக்குத் தெரிய வேணாமா?"

அம்மா சொன்னதில் தப்பில்லை. அண்ணனின் வருத்தத்திலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. இருவருடைய நியாயத்துக்கும் நடுவில் நாசமாய்ப் போனது அவள் பரீட்சை.

மீனம்மா தட்டை எடுத்துத் துடைத்தாள். "சரி விடு. ஒரு வெத்தலதானே. இப்ப கொண்டு போயி வச்சிட்டு வாறேன். வந்து பேசுவான்."

சுதர்ஷினி தட்டைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். "வக்காத! கத்துனதுக்குச் சம்மானம் குடுக்குறியா? நான் வெறுங்கையோட போறேன். அண்ணன்தானே, வரட்டும்."

கணேசமூர்த்தி வாசலில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டான். முகம் மாறியது. தங்கையின் நாலு வருடம் என்றதும் ஒரு நிமிடம் பீடியைக் கீழே வைத்தான்கூட. ஆனால் வீடியோ என்றதும் மறுபடி எடுத்துக்கொண்டான்.

"என்னான்னு சொல்லச் சொல்ற? தலைவரு வெத்தலைக்காகக் கத்துனான்னா? நாளைக்கு அது போன் போனாப் போகும். தொர சிரிப்பாரு. லயமே சிரிக்கும்."

"லயம் ஏற்கெனவே கேட்டுருச்சு அண்ணே. இன்னைக்கு வாயத் தெறந்தது நீங்க ஒருத்தர்தான்."

"நான் வர மாட்டேன்."

"என் படிப்பு போயிரும்."

"என் மரியாத போயிருச்சு. அதுக்கு யாரு வீடியோ எடுப்பா?"

"மரியாத!" என்றாள் சுதர்ஷினி. "நாலு வருசமா நான் படிக்கிறது ஒங்களுக்குச் செவுத்துக்கு மேல தெனமும் கேட்டுச்சு. அப்ப யாரும் வெத்தல வக்கலையே. ஒரு நாளும் நீங்க கத்தலையே. இன்னைக்கு முத்துலிங்கம் ஒரு வார்த்த கேட்டான்னு என்னைய வித்துட்டீங்க."

அந்தச் சொல் அவனைச் சுட்டது. சுட்டதால் இன்னும் கோபம் வந்தது. எழுந்தான்.

"வித்துட்டேனா? மழையில ஏறி ஆன்டனா கட்டுனவனப் பாத்து வித்துட்டேங்கிற! அது இருக்கதாலதானே இவ்வளவு பேச்சு? கழட்டிப்புடுறேன். அப்புறம் எந்தப் பரீட்சைய எங்க எழுதுறன்னு பாப்போம்."

பலகை ஏணியைச் சாய்த்தான். கம்பி வெட்டும் குறட்டை இடுப்பில் சொருகினான். விறுவிறுவென்று ஏறித் தகரத்தின் மேல் நின்றான். தூறல் விழத் தொடங்கியிருந்தது. ஒவ்வொரு காம்பராவிலும் தலைக்கு மேலே தடதடவென்று கேட்டது. லயம் மொத்தமும் வெளியே வந்தது. முன்பு வாங்கிய வெற்றிலையின் வாக்கு இன்னும் தீராதது மாதிரி, ஒருவரும் பேசவில்லை.

பிரியந்திதான் முதலில் அசைந்தாள். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு நேராக வந்து, ஏணியைத் தூக்கி எடுத்துத் தரையில் கிடத்தினாள்.

"ஏய், என்னா பண்ற?"

"வெட்டுங்க. வெட்டிட்டு அங்கேயே இருங்க" என்றாள். "நம்ம மகளும் நாளைக்கு இதே செவுத்துக்குப் பக்கத்துலதான் படிக்கணும். அவ பரீட்சைக்கு எத்தன வீட்டுக்கு வெத்தல வக்கணும்? எவன் கோவிச்சுக்கிட்டுக் கூர மேல ஏறுவான்? அதச் சொல்லிட்டு எறங்குங்க."

கல்யாணமான நாளிலிருந்து புருஷனை எதிர்த்து வாசலில் பேசியறியாதவள். கூட்டத்தில் ஒருத்தி 'ஆமா' என்று மட்டும் சொன்னாள்.

"தலைவரே, வழுக்கும், பாத்து" என்றான் முத்துலிங்கம். அக்கறையாகத்தான் சொன்னான். ஆனால் அவன் வாயிலிருந்து வந்ததே போதுமானதாக இருந்தது.

"நீ பேசாதடா!" கணேசமூர்த்தி குழாயைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "எல்லாரும் என்னா பாக்குறீங்க? ஆமா, காலையில கத்துனது நான்தான்! கணேசமூர்த்திதான் கத்துனேன்! எந் தங்கச்சிக்கு நான் பதில் சொல்லிக் குடுத்தேனாம்! அந்தப் படிப்புல எனக்கு ஒரு எழுத்து தெரியுமாடா? ஒன்பதாம் வகுப்போட நின்னவன் நான். வெத்தல வக்கலன்னு கத்துனேன். எங்காத்தா எனக்கு வெத்தல வக்கலன்னு கத்துனேன். போதுமா?"

"போதும் அண்ணே" என்றாள் சுதர்ஷினி.

அவள் கையில் போன் உயர்ந்து நின்றது. எப்போது எடுத்தாள் என்று பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடத் தெரியவில்லை. அவன் யார், என்ன பேசினான், ஏன் பேசினான். கேட்ட மூன்றும் அதில் இருந்தன. அண்ணனைப் பார்த்தபடியே அனுப்புவதற்கான பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு சிறு வட்டம் சுழலத் தொடங்கியது.

கணேசமூர்த்திக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் இடுப்பிலிருந்து குறட்டை உருவினான். குனிந்து வயரைப் பிடித்தான். தன் கையால் கட்டிய வயர். அது அறுந்தால் வட்டம் நின்றுவிடும். வீடியோ போகாது.

"சுதா, நிப்பாட்டு. நிப்பாட்டுன்னா வெட்ட மாட்டேன்."

"நிப்பாட்ட மாட்டேன்."

குறட்டின் வாய் வயரைக் கவ்வியது.

அப்போதுதான் மீனம்மா இஸ்தோப்பை விட்டு இறங்கி வந்தாள். கையில் தட்டு. அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு வாழைப்பழம். தூறலில் நனைந்துகொண்டே நடந்து, கூரைக்கு நேர் கீழே வந்து நின்றாள். சுதர்ஷினி தடுக்கப் போனாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கை கீழே இறங்கிவிட்டது.

மீனம்மா தட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள்.

"தலைவரே" என்றாள்.

லயம் திடுக்கிட்டது. மகனை 'டேய்' என்றும் 'சாமி' என்றும் தவிர வேறு மாதிரி அவள் கூப்பிட்டு யாரும் கேட்டதில்லை.

"தலைவரே, மன்னிச்சுக்கங்க. மொத வெத்தல ஒங்களுக்கு வச்சிருக்கணும். நம்ம மகந்தானேன்னு நெனச்சுட்டேன். தப்பு எம்மேல. எறங்கி வந்து வாங்கிக்கங்க. இன்னைலேருந்து நீங்க எனக்குத் தலைவருதான்."

"அம்மா..." என்றான் கணேசமூர்த்தி.

"அம்மாவா இருந்தா மகனுக்கு வெத்தல வக்கத் தெரியாதுங்க. தலைவருக்குத்தான் வக்கத் தெரியும். அம்மாவா, வெத்தலையா, எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

தட்டில் மழைத்தண்ணீர் சேர்ந்தது. அவள் கையை இறக்கவில்லை. கூரை மேல் அவன் குனிந்தபடியே தட்டைப் பார்த்தான். குறடு வயரை விடவுமில்லை, வெட்டவுமில்லை.

சுதர்ஷினியின் போனில் வட்டம் இன்னும் சுழன்றுகொண்டிருந்தது.